கெட்டி ஸ்பாஞ்ச், பிசுபிசுப்பு ரப்பர்: தாக்கி ஆடுபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்

சீன டேபிள் டென்னிஸ் சாம்பியன்கள் மா லாங், ஃபான் ஜெந்தோங் ஆடுவதைப் பார்த்துவிட்டு, பேட்டில் ஒட்டும் ஹரிக்கேன் 3 என்ற சீன ரப்பரை வாங்க நினைப்பவர்கள் நிறைய. இருவரும் ஃபோர்ஹேண்டில் வைத்து ஆடியது அந்தப் பெயர் கொண்ட ரப்பர்தான், ஆனால் அது தேசிய அணிக்கென்று செய்யும் நேஷனல் ரகம், நீல ஸ்பாஞ்ச் (பந்து படும் மேல் தாளுக்கு அடியில் உள்ள அடுக்கு). கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹரிக்கேன் 3 நியோவின் ஸ்பாஞ்ச் வேறு. அதைவிட முக்கியமானது, அவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் முன்கூட்டியே கால் வைத்து நின்று இடுப்பைத் திருப்பி அடிக்கிறார்கள். கெட்டியான பிசுபிசுப்பு ரப்பர் அந்த மாதிரி அடிக்குத்தான் பலன் தரும். நாமோ பாதிப் பந்துகளுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறோம். ஆகவே ரப்பர் வாங்கும்போது நன்றாக விழுந்த பந்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எட்டிப் பிடித்து, உடல் எடை பின்னங்காலிலேயே நின்றுவிட்ட நிலையில் அடித்த பந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தப் பதிவில் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் இந்த ரப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பந்து படும் மேல் தாளான டாப்ஷீட்டின் ஒட்டும் தன்மை அதிகமாகக் கைகொடுப்பது மெதுவான தொடுகையில்: சர்வ், பந்தின் அடியை உரசித் தள்ளும் குட்டை புஷ், மெல்ல உரசி முன்சுழற்சியோடு எடுக்கும் லூப். பேட் வேகமாகப் போய்ப் பந்தை மோதும்போது ஒட்டுத்தன்மையின் பங்கு குறைந்து, பந்து ஸ்பாஞ்சுக்குள் எவ்வளவு அமுங்கியது என்பதே சுழற்சியையும் வேகத்தையும் முடிவு செய்கிறது. ஜெர்மன் டென்சர் வகையிலும் அதுபோன்ற ஜப்பான் ரப்பர்களிலும் ஸ்பாஞ்ச் லேசாக அமுங்கினாலே போதும், உடனே பந்தை உதைத்து அனுப்பிவிடும். ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனத்து டெனர்ஜி 05 அப்படித்தான். கெட்டிச் சீன ஸ்பாஞ்ச் ஓர் அளவு வேகம் வரும்வரை பந்தை அனுப்பாமல் செத்தது போல இருக்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால், அடிக்கு அடி கூடுதலாகத் தந்துகொண்டே போகும். மென்மையான ஸ்பாஞ்ச் முழு வீச்சில் அடிக்கும்போது மரம்வரை அமுங்கி "அடித்தட்டி"விடும். கெட்டி ஸ்பாஞ்சில் அது நடக்காது. முழு பலத்தோடு அடித்த பந்து மேசையில் விழுந்தபின் முன்னால் பாய்வதும் தாழ்வதும் இதனால்தான்.

சத்தத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பாஞ்சுக்குள் போன அடியில் அடங்கிய, கனமான ஒலி வரும். மேலே உரசி மட்டும் போன அடியில் சத்தமே இருக்காது, பந்து சுழலும், ஆனால் எதிராளி நிதானமாக பிளாக் செய்யும் (பேட்டை வைத்துத் தடுத்துத் திருப்பும்) வேகத்தில் போகும். கெட்டி ரப்பருக்கு மாறிய பலர் இந்த இரண்டாவது அடியில் மாட்டிக்கொள்கிறார்கள். "ஒட்டும் ரப்பர், உரசினால் போதும்" என்று நினைத்து மேலும் மேலும் மெல்லிதாக உரசுகிறார்கள். அது ஓரிரு பந்துக்கு உதவும், அதுவும் கனமான பேக்ஸ்பின் (பின்சுழற்சி) பந்தைத் தூக்கும்போது. மற்ற நேரங்களில் முதலில் பந்தைத் தடிமனாக மோத வேண்டும், அமுங்கியபின் உரச வேண்டும். இரண்டும் ஒரே வீச்சுக்குள் நடப்பவை, முன்கையின் கடைசி நேர முடுக்கத்தில்.

இந்த ரப்பரின் பெரிய பலம் மேசைக்கு மேலே நடக்கும் ஆட்டம். ரப்பர் துள்ளாததால் புஷ் இரண்டு முறை மேசையில் குதிக்கும் அளவுக்குக் குட்டையாக நிற்கும். சர்வில் மணிக்கட்டு தரும் வேகம் முழுதும் சுழற்சியாக மாறும். எதிராளி நீளமாக புஷ் செய்துவிட்டால் முதல் லூப்பில் அவரைத் திணற வைக்கலாம், ஏனென்றால் இந்தப் பந்து பிளாக் செய்பவர் எதிர்பார்க்கும் உயரத்துக்கு எழாமல் கீழே சரியும். மூன்றாவது பந்தில் (தன் சர்வுக்கு வரும் பதிலை அடிக்கும்போதே) புள்ளி எடுக்கும் ஆட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

பலவீனங்களும் அதே காரணத்திலிருந்து வருபவைதான். பேட்டை நீட்டி வைத்துக்கொண்டு பிளாக் செய்தால் பந்து குட்டையாக, சில சமயம் நெட்டிலேயே விழும். இதில் பிளாக் என்றாலும் ஓர் அங்குலமாவது முன்னால் தள்ள வேண்டும். மேசையிலிருந்து 2 மீட்டர் பின்னால் போய்விட்டால் ஒவ்வொரு பந்துக்கும் முழு உடலும் வேலை செய்தாக வேண்டும். பின்னால் நின்று லூப்புக்கு லூப் ஆட விரும்புபவர், பிளாக்கையே நம்பி ஆடுபவர், தட்டையாக ஸ்மாஷ் அடிப்பவர் ஆகிய மூவருக்கும் இது வேண்டாம் என்பதே என் கருத்து. ஆட ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகாதவருக்கும் வேண்டாம். அடி பந்தில் சரியாக விழுகிறதா என்பதை அவரால் இன்னும் உணர முடியாது, ரப்பரின் குறையா அடியின் குறையா என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது.

அடுத்தது ஸ்பாஞ்சின் கடினத்தன்மை. சீன ரப்பரின் பாக்கெட்டில் 39, 40, 41 என்று போட்டிருக்கும், எண் கூடினால் கெட்டி. குழப்பம் இங்கேதான் ஆரம்பம், ஏனென்றால் மூன்று தனித்தனி அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பட்டர்ஃபிளை தன் அளவில் டெனர்ஜி 05-ஐ 36 என்றும் டிக்னிக்ஸ் 09சி-ஐ 44 என்றும் சொல்கிறது. ஜெர்மன் ஸ்பாஞ்ச் ரப்பர்களில் 47.5, 50, 53 என்று வரும். சீன அளவில் 39 என்றால் 09சி-ஐ விட மென்மை என்று எண்ணிவிடக் கூடாது, பெரும்பாலோர் கையில் அது 09சி-ஐ விடக் கெட்டியாகவே தெரியும். ஒரே நிறுவனத்தின் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அதிலும் ஒரே 39-இல் இரண்டு தாள் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பது சீன ரப்பர்களில் சகஜம். ஒன்று பிடித்துப்போய் அடுத்ததும் அச்சு அசலாக அப்படியே வேண்டும் என்பவர்கள், முடிந்தால் நேரில் பார்த்து, எடை போட்டு வாங்குவது நல்லது. கெட்டியான ஸ்பாஞ்ச் பொதுவாகக் கனமாகவும் இருக்கும்.

உங்களுக்கு எந்த எண் என்று கண்டுபிடிக்க ஒரு பயிற்சி. கிளப்பில் 39 வைத்திருப்பவரிடம் பேட்டை ஒரு மணி நேரம் வாங்குங்கள். நேராக நின்று ஃபோர்ஹேண்ட் கவுண்டர் அடித்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, அதில் எல்லா ரப்பரும் நன்றாகத்தான் இருக்கும். துணைக்கு ஒருவரை நிறுத்தி, முதல் பந்தை உங்கள் பேக்ஹேண்டுக்கும் அடுத்ததை அகலமான ஃபோர்ஹேண்டுக்கு நீளமான பேக்ஸ்பின் புஷ்ஷாகவும் தரச் சொல்லுங்கள். பேக்ஹேண்ட் மூலையிலிருந்து ஓடிவந்து அந்த புஷ்ஷை லூப் செய்ய வேண்டும். இருபது முப்பது பந்து ஆனதும் கால் தளரும், சரியான நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அப்போதிருந்துதான் கணக்கு. தாமதமாக அடித்த பந்துகள் நெட்டின் கீழ்ப்பாதியில் மோதினால் அந்த ஸ்பாஞ்ச் உங்களுக்கு மிகவும் கெட்டி, ஏனென்றால் உடல் வேகம் இல்லாதபோது ஸ்பாஞ்ச் அமுங்கவே இல்லை. நெட்டின் மேல் நாடாவில் மோதினால் ரப்பரை மாற்ற வேண்டியதில்லை, பேட்டின் முகத்தைக் கொஞ்சம் திறந்து பிடித்தால் சரியாகிவிடும். தாமதமான பந்தும் மெதுவாகவாவது மேசையில் விழுந்தால் அந்தக் கடினம் உங்களுக்குச் சரி. தாமதமான பந்து விழுந்து, முழு பலத்தோடு அடித்தது மட்டும் மேசைக்கு வெளியே பறந்தால் ஒருபடி கூட்டிப் பார்க்கலாம்.

வாரத்தில் மூன்று நாள் ஆடும் கிளப் ஆட்டக்காரருக்கு 39 போதும், பலருக்கு 37 அல்லது 38 இன்னும் பொருத்தம். கிடைக்கிறதா என்பதுதான் பிரச்சினை, கடைகளில் பெரும்பாலும் 39-இலிருந்துதான் தொடங்கும். 40, 41 எல்லாம் தினமும் மல்ட்டிபால் பயிற்சி (பந்துகளை அடுத்தடுத்துத் தரச் சொல்லி அடிப்பது) செய்து கால் வலுவேற்றியவர்களுக்கு. வலுவை மீறிக் கெட்டியான ரப்பரை எடுத்தால் ஆட்டம் மட்டும் கெடாது: பந்து போகவில்லையே என்று இடுப்புக்குப் பதிலாகத் தோளால் இழுத்து அடிக்கத் தொடங்குவீர்கள், தோளும் முழங்கையும் வலிக்கும். வலி வந்தால் ஒருபடி மென்மையாக இறங்கிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தடிமனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தாக்கி ஆட 2.1 அல்லது 2.15 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் போதும். 2.2 எடுத்தால் எடை கூடும், ஒட்டும்போது ஒரு சிக்கலும் வரும்: விதிப்படி டாப்ஷீட், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து 4.0 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடிமனான ஸ்பாஞ்சுக்கு மூன்று நான்கு கோட் பசை போட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிடும், பேட் பரிசோதனை உள்ள போட்டியில் தடுத்து நிறுத்துவார்கள்.

எடையைக் கட்டாயம் பாருங்கள். பிளேடு (பேட்டின் மரப் பகுதி) அளவுக்கு வெட்டியபின் ஹரிக்கேன் 3 வகை ரப்பர் ஏறத்தாழ 50 கிராம் வரும், சில தாள்கள் அதைத் தாண்டும். 90 கிராம் பிளேடில் இதை இரு பக்கமும் ஒட்டினால் 190 கிராமாகும், தலைப்பக்கம் கனத்து, சுண்டி அடிக்கும் பேக்ஹேண்ட் ஃபிளிக்கில் மணிக்கட்டு திரும்பாது. ஃபோர்ஹேண்டில் கெட்டி ரப்பர், பேக்ஹேண்டில் இலகுவான டென்சர், 85 கிராம் அளவிலான பிளேடு என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும் கூட்டு. பேக்ஹேண்டில் வீச்சு குறைவு, உடலுக்கு முன்னால் இடமும் குறைவு, அங்கே கெட்டிச் சீன ஸ்பாஞ்சை அமுக்குவது கடினம். ஃபான் ஜெந்தோங்கே பேக்ஹேண்டில் டிக்னிக்ஸ் 05 வைத்து ஆடியவர்.

என்ன வாங்குவது? ஹரிக்கேன் 3 நியோதான் அளவுகோல், மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். நியோ என்றால் ஸ்பாஞ்சை ஆலையிலேயே பதப்படுத்தி, பெட்டியிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் உயிரோடு இருக்கும்படி செய்தது. நியோ அல்லாத பழைய ஹரிக்கேன் 3 அப்படியே ஒட்டினால் இன்னும் மந்தம், புதிதாக வருபவர் தவிர்க்கலாம். ஹரிக்கேன் 3-50 சற்று மென்மை, 37-ஐத் தேடி அலைபவர்கள் இதையும் பார்க்கலாம். 729 நிறுவனத்தின் 'பேட்டில் 2' (Battle 2), யின்ஹேவின் 'பிக் டிப்பர்' என்ற ரப்பர்கள் இரண்டும் விலைக்கு மேல் தரமானவை. முதல்முறை இந்த வகையை முயல்பவர் அவற்றிலிருந்து தொடங்கினால் பணம் மிச்சம். ப்ரோவின்ஷியல் (மாகாண அணி), நேஷனல் ரகங்களுக்குப் போலிகள் அதிகம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது அசலாக இருக்க வாய்ப்பே இல்லை. எந்த ரப்பரானாலும் கைப்பிடிக்கு அருகே உள்ள பட்டையில் ஐடிடிஎஃப் (சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு) முத்திரையும் அனுமதி எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா, அது அனுமதிப் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தாமதப் பந்துப் பயிற்சியில் 39 தோற்றுவிட்டது, ஆனால் ஒட்டும் ரப்பரின் சர்வும் புஷ்ஷும் விட மனமில்லை என்றால் ஹைப்ரிட் எடுங்கள். மேலே லேசாக ஒட்டும் டாப்ஷீட், கீழே ஜெர்மன் அல்லது ஜப்பான் ஸ்பாஞ்ச். டிக்னிக்ஸ் 09சி, டிபார் ஹைப்ரிட் கே3, யசாகா ரக்ஸா இசட் எல்லாம் இந்த இனம். 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சுழற்சி குறைந்தது, அதை ஈடுகட்டத்தான் ஐரோப்பிய ஆட்டக்காரர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தாமதமான பந்தை ஸ்பாஞ்சே கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிடும். பதிலுக்கு இரண்டை இழப்பீர்கள்: குட்டை புஷ் அவ்வளவு குட்டையாக நிற்காது, பணமும் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

பிளேடைப் பொறுத்தவரை, மரம் வளைந்து கொடுப்பது இந்த ரப்பருக்கு உதவி. ஸ்பாஞ்ச் கெட்டியாக இருக்கும்போது பிளேடும் விறைப்பாக இருந்தால், மெதுவான அடியில் பந்து பேட்டில் தங்கவே தங்காது. 5 அடுக்கு மர பிளேடோ, நடு மரத்தை ஒட்டி ஃபைபர் வைத்த இன்னர் வகையோ எடுங்கள். ஹரிக்கேன் லாங் 5 என்ற பிளேடு இந்த இன்னர் வகைதான். 7 அடுக்கு மரமான ஸ்டிகா கிளிப்பரும் சீன ரப்பரோடு பல காலமாகப் பேர் பெற்ற ஜோடி. மேல் மரத்துக்கு அடியிலேயே ஃபைபர் உள்ள விஸ்காரியா போன்றவை, அடி நன்கு பழகியபின் போகலாம்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை மட்டும். சீன ஸ்பாஞ்சின் துளைகள் முதல் கோட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஸ்பாஞ்சில் இரண்டு மெல்லிய கோட், பிளேடில் ஒரு கோட். ஒவ்வொரு கோட்டும் வெண்மை முழுதும் மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை காத்திருங்கள். ஈரப்பதமான ஊரில் இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பாதி காய்ந்த பசையில் ஒட்டினால் ஓரம் ஓரமாக எழும்பும், நடுவில் குமிழ் விடும். நியோ ஸ்பாஞ்ச் பெட்டியிலேயே சற்று வளைந்திருக்கும், பயப்பட வேண்டாம். கைப்பிடிப் பக்கத்திலிருந்து வைத்து, ஓர் உருளையால் நுனியை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்த ரப்பர் பிறகு சுருங்கி, ஓரத்தில் மரம் தெரியும். கெட்டி ஸ்பாஞ்சை ஒரே வெட்டில் அறுக்க வராது. ரப்பர் கீழே இருக்கும்படி பேட்டைப் பலகையில் அழுத்திப் பிடித்து, புதிய கத்தி போட்ட கட்டரால் முதல் சுற்றில் பாதி ஆழம், இரண்டாம் சுற்றில் மீதி. டாப்ஷீட்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை வெட்டி முடிக்கும்வரை எடுக்காதீர்கள், பலகையிலுள்ள தூசி மொத்தமும் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பாஞ்சை உயிரூட்டத் தடவும் பூஸ்டர் எண்ணெய் பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ரப்பருக்கு எந்த இரசாயனப் பதப்படுத்தலும் செய்யக் கூடாது என்பது விதி. கரைப்பான் உள்ள ஸ்பீட் குளூவும் 2008-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. கிளப்புகளில் பூஸ்டர் தடவுபவர்கள் இருக்கிறார்கள். தடவினால் ஸ்பாஞ்ச் உப்பி, தடிமன் கூடி, பரப்பும் சமதளமாக இல்லாமல் போகும். சில வாரங்களில் விளைவு தேய்ந்ததும் சுருங்கி, மறுபடி தடவச் சொல்லும். ஒவ்வொரு முறையும் பேட்டின் குணம் மாறிக்கொண்டே இருந்தால் அடி எப்படிப் பழகும்? 41 வாங்கி எண்ணெய் தடவி மென்மையாக்குவதைவிட, நேராக 38 அல்லது 39 வாங்கி அப்படியே ஆடுவது எல்லா வகையிலும் மேல்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் டாப்ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும், ஒட்டும் ரப்பர் அப்போது கண்ணாடிபோல வழுக்கும். சர்வ் எதிர்பார்த்த சுழற்சி இல்லாமல் மிதந்து போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். 6 புள்ளிக்கு ஒரு முறை துண்டு எடுக்க விதி அனுமதிக்கிறது, அந்த இடைவெளியில் உலர்ந்த பருத்தித் துணியால் ரப்பரை ஒற்றி எடுங்கள். கையால் தேய்த்தால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் சேர்ந்து படியும். குளிரூட்டிய அறையிலிருந்து சூடான அரங்குக்கு வந்ததும் பேட்டை உறையிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். ஈரம் அதிகமுள்ள அரங்கிலேயே எப்போதும் ஆடுபவருக்கு மிகவும் பிசுபிசுப்பான ரப்பரைவிட, மிதமாக ஒட்டும் ஹைப்ரிட் சீராக நடந்துகொள்ளும்.

சுத்தம் செய்யச் சாதாரணத் தண்ணீரும் ஒரு மென்மையான ஸ்பாஞ்சும் போதும். மேலிருந்து கீழாகத் துடைத்து, நிழலில் காயவிட்டு, முழுதும் உலர்ந்தபின் பாதுகாப்புத் தாளைக் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டுங்கள். ஈரத்தோடு தாளை ஒட்டினால் மறுநாள் வெள்ளையாகப் பூத்திருக்கும். பேட்டை மூடிய காரிலோ வெயில் படும் வண்டிப் பெட்டியிலோ விடாதீர்கள், டாப்ஷீட் காய்ந்து பளபளப்பாகிவிடும்.

புது ரப்பரை ஒட்டிய முதல் வாரம் பந்து நெட்டில் அதிகம் விழும். அதற்காக அடியை வேகப்படுத்தாதீர்கள். பேட்டின் முகத்தை இரண்டு மூன்று டிகிரி திறந்து, பந்து உச்சிக்கு வரும்போதே சந்தித்து, மேல்நோக்கி இழுப்பதைவிட முன்னோக்கி அடியுங்கள். டென்சருக்குப் பழகிய கை பந்து தானாக எழும் என்று எதிர்பார்த்து முகத்தை மூடிப் பிடிக்கும். மாற்ற வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான், அதற்கு மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அதற்குள் இன்னொரு ரப்பர் வாங்கிவிட்டால் இரண்டையும் அறியாமல் போவீர்கள்.

ஒட்டுத்தன்மை குறைந்ததும் ரப்பர் செத்துவிட்டது என்று கழற்றுபவர்கள் உண்டு. புது ரப்பரில் பந்தை அழுத்தித் தலைகீழாகப் பிடித்தால் சில நொடி தொங்கும், இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும், ஆனால் ஆட்டத்தில் சுழற்சி அப்படியே இருக்கும். பந்து அடிக்கடி படும் இடம் விளக்கொளியில் மற்ற இடத்தைவிட வழவழப்பாகத் தெரிகிறதா, கட்டை விரலால் அழுத்தித் தள்ளினால் டாப்ஷீட் விரலோடு நகராமல் வழுக்குகிறதா, அடியில் உள்ள பிம்பிள்களின் (சிறு முனைகளின்) வடிவம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு இருந்தால் மாற்றும் நேரம். வாரம் 6 மணி நேரம் ஆடுபவருக்கு நல்ல சீன டாப்ஷீட் நான்கு மாதமாவது ஓடும். கழற்றும்போது கைப்பிடியின் ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்க நுனியை நோக்கி மெதுவாக உரியுங்கள். வேகமாக இழுத்தால் பிளேடின் மேல் மரம் நார் நாராகக் கூடவே வந்துவிடும்.